இரண்டரை மீட்டர், சாம்பல் நிறம்

சேட்டு செய்து முடித்தபோது
அது வெறும் பெட்டியாகத்தான் இருந்தது.
எம்.டி.எஃப். பலகை, பதினெட்டு மில்லி,
மூலைகளில் பசை வழிந்து மஞ்சளாய்க் காய்ந்திருந்தது.
முன்பக்கம் வட்டமாய் ஓர் ஓட்டை.
"குழம்புச் சட்டி உட்காரும்" என்றேன்.
சிரிக்கவில்லை.
மூன்று மாத ஓ.டி. காசு
அந்த ஓட்டைக்குள் இறங்கப்போகிறது.
அதில் இரண்டு மாதம் என்னுடையது.

ஜே.சி. ரோட்டில் கார்ப்பெட் வாங்கி வந்தான்.
சுருளை விரித்ததும்
கார்வேபாவிப்பாளையாவின் ஒற்றை அறை முழுக்கப்
புது பஸ்ஸின் வாசனை.
அளவெடுக்காமல் கத்தரியை நடுவில் வைத்தான்.
கையைத் தட்டிவிட்டேன்.

ஒன்பது வருஷமாகக் காலர் வைக்கிறேன்,
மணிக்குத் தொண்ணூறு.
யார் கழுத்தோ, எந்த ஊரோ,
பனி பெய்கிற ஊராக இருக்கும், துணி அவ்வளவு கனம்.
நான் தைத்த ஒரு சட்டையையும்
தெருவில் போகிறவன் மேல் பார்த்ததில்லை.

"துணிக்குப் போக்கு உண்டு."
"இதுக்குமா?"
"தடவிப் பாரு."
இப்படித் தடவினால் பூனை முதுகு,
திருப்பித் தடவினால் அவனுடைய மூன்று நாள் தாடி.
போக்கு மாறி ஒட்டினால்
ஒரே பெட்டியில் இரண்டு நிறம் தெரியும்.

பலகையிலும் பசை, துணியிலும் பசை,
அப்புறம் சும்மா இருக்கணும்.
அது ஒன்றுதான் அவனுக்கு வராத வேலை.
ஜன்னலைத் திறந்தும் தலை கிறுகிறுத்தது.
எதிர்வீட்டுப் புஷ்பமேரி எட்டிப் பார்த்து
யாருக்குச் செருப்புத் தைக்கிறீங்க என்றாள்.
விரல் வைத்தால் பிசுக்கக் கூடாது,
எடுத்தால் விட மனசில்லாமல் விடணும்,
அப்போதுதான் பதம்.

அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள
நடுவிலிருந்து ஓரத்துக்கு
உள்ளங்கையால் காற்றை ஓட்டிக்கொண்டே போனேன்.
"இழுக்காதே."
"நீதானே இழுக்கச் சொன்னே."
"இழு. ஆனா இழுக்காதே."
கல்யாணமாகி ஆறு வருஷத்தில்
இவ்வளவு நேரம் ஒரே பொருளை
இருவரும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.
எனக்குப் பகல் ஷிப்ட்,
அவனுக்கு ராத்திரி ஏர்போர்ட் ட்ரிப்.
வாசலில் சாவி மட்டும் கைமாறும்.

ஓரத்தின் மேல் ஓரம் ஏறிய இடத்தில்
ஸ்கேலை வைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே கீறல்.
மேல் துண்டை உரித்து, அடித் துண்டை உருவி,
அழுத்தினேன்.
எங்கே சேர்ந்தது என்று
தேடிக்கொண்டே இருந்தான்.
நான் சொல்லவில்லை.

இப்போது ஓட்டையும் மூடிக் கிடந்தது.
முட்டியால் தட்டிக் கேட்டுக் கேட்டு
நடுவைப் பிடித்து பிளேடை இறக்கினேன்.
உள்ளே அடைந்திருந்த பசை நெடி
முகத்தில் அடித்தது.
எட்டு முக்கோணங்களையும் உள்பக்கம் மடித்து
பின் அடிக்கும் வேலை அவனுக்கு.
ஒன்று அவன் விரலில் ஏறியது.

மாடி ஓனருக்குப் பயந்து
ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு
நைஸ் ரோட்டின் சர்வீஸ் ரோடுக்குப் போனோம்.
பழைய சான்ட்ரோ, டிக்கியில் பெட்டி,
பின்சீட்டில் நான்.
நாள் முழுக்க முன்னூறு மெஷினுக்கு நடுவே கிடப்பவளுக்கு
இன்னும் சத்தமா என்றுதான் வந்தேன்.

சத்தம் காதுக்கு வரவில்லை.
அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது.
நம்பர் பிளேட் பல் நடுங்கியது.
ஒவ்வோர் அடிக்கும் ஹெட்லைட் கொஞ்சம் மங்கி
எதிரே நின்ற யூகலிப்டஸ் மரமும் மங்கியது.

சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன்.
வலது மூலையில் ஒரு குமிழி.
ஒட்டும்போதே தெரியும், விட்டுவிட்டேன்.
ஃபேக்டரி என்றால் சிவப்பு ஸ்டிக்கர்,
பேர் சொல்லிக் கூப்பிட்டு
லைன் முழுக்கப் பார்க்க ஒரு கத்தல்.
இங்கே அது என் கட்டைவிரலை
உள்ளேயிருந்து தொட்டுத் தொட்டு விலகியது.

"நல்லா இருக்கா?" என்று கத்தினான்.
"கேக்கல" என்றேன்.
இன்னும் கொஞ்சம் கூட்டினான்.